யாருக்குப் பட்ட காலைக்கடன்?

விடியற்காலையில் எழுவது நன்மை என்பதை மறுத்துரைத்தவர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. அவ்வாறு எழுபவர்களை மட்டும் மிக அரிதாகவே சந்தித்திருப்பதாக வெகுகாலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைப் பின்னால் சொல்லுகிறேன். முதலில், காலை ஒழுக்கம் என்ற பெயரால் இக்காலத்தில் நமக்கு உபதேசிக்கப்படும் காரியங்களைச் சற்று நினைத்துப் பார்ப்போம். எழுந்தவுடன் வெந்நீர் அருந்தினால் ஜீரணம் சீர்படுமாம். அரைமணி நேரம் நடந்தால் இரத்த ஓட்டம் செம்மையுறுமாம். பிராணாயாமம் செய்தால் மனக் கலக்கம் தணியுமாம். சூரிய நமஸ்காரம் செய்தால் இடை இளைக்குமாம். ஒவ்வொரு செய்கையின் முந்தானையிலும் ஒரு பலன் முடிந்துவைக்கப்பட்டிருக்கிறது. தெய்வத்தைத் தொழுவதுகூட, நரம்புகளுக்கு நல்லது என்ற சிபாரிசுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்று வீட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. இவற்றில் பொய் உண்டென்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும், பல் துலக்குவது முதல் நீராடுவது வரையுள்ள செய்கைகளுக்கு நம் முன்னோர் காலைக்கடன் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, கடன் என்றால் கொடுத்தவன் ஒருவன் இருக்க வேண்டுமே, தன் தேக சௌக்கியம் ஒன்றையே கருதி ஒருவன் விடியலில் செய்யும் காரியம் யாருக்குத் திருப்பித் தரும் கடனாகும் என்ற கேள்வி என்னைப் பல நாள் விடாமல் பற்றியிருக்கிறது.

வைதிக கர்மங்களை ஆராய்ந்த மீமாம்ஸகர்கள் இவ்விஷயத்தில் நமக்கு உதவக்கூடிய ஒரு பாகுபாட்டைச் செய்து வைத்திருக்கிறார்கள். மழை வேண்டுமென்று செய்யும் காரீரி இஷ்டி போல ஒரு பலனை விரும்பிச் செய்வது காம்யம். கிரகணம் போன்ற நிமித்தம் நேரும்போது செய்வது நைமித்திகம். விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள்தோறும் செய்தே தீரவேண்டிய சந்தியாவந்தனம் போன்றது நித்தியம். காம்யத்தை விரும்பியவன் செய்யலாம், விரும்பாதவன் விடலாம். நித்தியத்தை விட்டாலோ தோஷம் உண்டு. இந்தத் தராசில் நிறுத்தால், வெந்நீரும் நடையும் மூச்சுப் பயிற்சியும் கொண்ட நம் காலைத் திட்டம் முழுக்க முழுக்கக் காம்யம் என்பது தெளிவாகும். அதனால்தான் தை மாதம் பிறந்த உற்சாகத்தில் தொடங்கியது மாசிக்குள் ஓய்ந்துவிடுகிறது. இடை இளைக்கவில்லை, எனவே விரதம் முடிந்தது. பலனை முன்னிட்டு வந்தவன் பலன் வராதபோது போய்விடுவதில் குற்றம் காணவும் முடியாது. பிரயோஜனம் இன்றி மந்தபுத்தி உடையவனும் ஒரு காரியத்தில் இறங்கமாட்டான் என்னும் கருத்தை, மீமாம்ஸகர்களில் தலைசிறந்தவரான குமாரிலபட்டரே சொல்லியிருக்கிறார் அல்லவா?

அப்படியானால் உடல் நலம் என்ற பலனை நினைப்பதே தாழ்ந்த காரியமா என்று கேட்கலாம். அவ்வாறு நம் வைத்திய நூலாரும் எண்ணவில்லை, ஞானிகளும் எண்ணவில்லை. உடம்பை ஒரு காலத்தில் இழுக்கென்று கருதியிருந்து, பின்னர் அதனுள்ளே இருக்கும் உறுபொருளைக் கண்டபின் அதனைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் தம் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார். வாக்படர் தமது அஷ்டாங்க ஹிருதயத்தில் சூத்திர ஸ்தானத்தின் இரண்டாம் அத்தியாயம் முழுவதையும் தினசரியைக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். ஆரோக்கியமுள்ளவன் தன் ஆயுளைக் காத்துக்கொள்ளும்பொருட்டுப் பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்பது அதன் தொடக்கம். ஒரு முகூர்த்தம் என்பது இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிஷம். இரவின் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தியது பிரம்ம முகூர்த்தம். சூரியன் 6 மணிக்கு உதிக்கும் நாளில் 4 மணி 24 நிமிஷம் முதல் 5 மணி 12 நிமிஷம் வரை. ஆரோக்கியமுள்ளவன் என்ற அடைமொழியை உபதேசம் செய்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஜுரத்தில் கிடப்பவனையும், இரவெல்லாம் கைக்குழந்தையோடு விழித்திருந்த தாயையும் நான்கரை மணிக்கு எழுப்பிவிட வாக்படர் சம்மதம் தரவில்லை. தேகப் பயிற்சியைக்கூட, பலசாலியே ஆனாலும் தன் சக்தியில் பாதியளவுக்குத்தான் செய்யலாம் என்று அவர் வரம்பு கட்டியிருக்கிறார்.

ஆனால் அந்த அத்தியாயத்தில் என்னைத் திகைக்க வைத்தது அதன் முற்பகுதி அன்று. ஆலங்குச்சியாலும் கருங்காலிக் குச்சியாலும் பல் துலக்குவது, கண்ணுக்கு அஞ்சனம் இடுவது, எண்ணெய் தேய்த்து நீராடுவது என்று வைத்தியருக்கே உரிய விஷயங்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர், எவ்வித முன்னறிவிப்பும் இன்றி, சரீரத்தாலும் வாக்காலும் மனத்தாலும் செய்யும் பத்துப் பாவங்களை விலக்கு என்கிறார். யாசித்து வந்தவனை வெறுங்கையோடு அனுப்பாதே என்கிறார். புழுவையும் எறும்பையும்கூட உன்னைப் போலவே எண்ணு என்கிறார். புதிய அத்தியாயம் தொடங்கவில்லை; தலைப்பு மாறவில்லை. பல்லுக்கு ஆலங்குச்சியும் எறும்புக்குக் கருணையும் ஒரே தினசரியைக்குள் அடங்கியவை என்பது அவர் கருத்து. அவர் நூலின் பெயரைக்கூடக் கேட்டறியாத என் பாட்டி, சாணம் தெளித்த வாசலில் பச்சரிசி மாவால் கோலம் இட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் எறும்புகள் அதை இழுத்துக்கொண்டு போவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பாள். மொக்குமாவில் போட்டால் கோலம் அழியாதே என்று நான் ஒருமுறை சொன்னபோது, "அழியட்டும்டா, அதுக்குத்தானே போடறது" என்றாள். சுண்ணாம்புக் கல்லைப் பொடித்த மொக்குமாவை எந்த எறும்பும் தீண்டாது.

தமிழில் இப்பொருளுக்கென்றே எழுந்த நூல் பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த அச்சிறு நூல், இக்கால வாசகனுக்கு எரிச்சலூட்டக்கூடிய விதிகள் பலவற்றைக் கொண்டது. யாரைத் தீண்டலாம், யாரைத் தீண்டலாகாது என்று அது வகுக்கும் இடங்களை நான் ஏற்பவன் அல்லன். எனினும் வைகறையில் எழுந்தவன் என்ன செய்யவேண்டும் என்று அது கூறும் இடம் சிந்திக்கத்தக்கது. அன்று தான் செய்யவேண்டிய அறத்தையும், ஈட்டவேண்டிய பொருளையும் முதலில் நினைத்துப் பார்த்துவிட்டு, தாயையும் தந்தையையும் தொழுது எழவேண்டுமாம். உடம்பைப் பற்றிய பேச்சே அங்கே இல்லை. விழிப்பு வந்ததும் மனம் எங்கே செல்லவேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம்: முதலில் அறம், அதற்கடுத்துப் பொருள், பிறகு தன்னை ஈன்றவர்கள். வள்ளுவரோவெனில், சோம்பலையும் அளவற்ற துயிலையும் கெட்டழிய இருப்பவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்று கண்டித்தாரேயன்றி, எத்தனை நாழிகைக்கு எழ வேண்டும் என்று ஒரு குறளிலும் குறிக்கவில்லை. அகப்பொருள் இலக்கணக்காரரின் வைகறையோ வேறு; பரத்தையர் சேரியிலிருந்து திரும்பிய தலைவனுக்குக் கதவு திறவாமல் தலைவி ஊடும் மருதத் திணைக்கு அவர்கள் அப்பொழுதை ஒதுக்கிவிட்டார்கள். தியானத்துக்கு உகந்ததாகக் கருதப்படும் வேளையில் நம் நாட்டு வீடுகளில் வேறு காரியங்களும் நடந்திருக்கின்றன என்று ஆறுதல் கொள்ளலாம்.

என் சொந்தக் கதையைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. இருபத்திரண்டு வயதில் நானும் ஒரு காலைத் திட்டம் வகுத்தேன். நோட்டுப் புத்தகம் ஒன்றில் கட்டம் கட்டி, நாலரை மணிக்கு எழுந்த நாட்களுக்குச் சிவப்பு மசியால் குறியிட்டேன். ஆசனம், ஜபம், குளிர்ந்த நீரில் ஸ்நானம், ஒரு மணி நேரப் படிப்பு என்று மூன்று மாத காலம் அது இடைவிடாமல் நடந்தது. எனக்கு ஏற்பட்ட பெருமிதத்துக்கு அளவில்லை. எழாதவர்களைப் பார்த்து இரங்கவும் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் அத்தை, ஊரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கியவள், சமையலறையில் என் தாயாரிடம் தாழ்ந்த குரலில் கேட்டது காதில் விழுந்தது: "ஏன் அண்ணி, இவன் ஜபம் பண்ண நீங்க ஏன் மூணே முக்காலுக்கு எழுந்துக்கணும்?" என் தாயார் பதில் ஒன்றும் சொல்லவில்லை. நான் குளிப்பதற்குத் தண்ணீர் இறைத்து வைத்ததும், ஜபம் முடியும் தறுவாயில் காப்பி கொதித்துக்கொண்டிருந்ததும், என் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லாத சங்கதிகள்.

பிற்காலத்தில் இம்மானுவேல் காண்டின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு இதே நினைவு வந்தது. கோனிக்ஸ்பர்க் நகரில் 1724 முதல் 1804 வரை வாழ்ந்த அந்த ஜெர்மானியத் தத்துவஞானியின் நியம நிஷ்டையைப் பற்றி எத்தனையோ பேர் வியந்து எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் காலை ஐந்து மணிக்கு முன்னரே அவருடைய வேலையாளும் பழைய சிப்பாயுமான லாம்பே அறைக்குள் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்வான். இன்னும் சற்றுத் தூங்குகிறேன் என்று தாம் கெஞ்சினாலும் விடக்கூடாது என்பது எஜமானரின் கட்டளை. முப்பது ஆண்டுகளில் ஒரு நாளாவது என்னை இரண்டாம் முறை கூப்பிட நேர்ந்ததா என்று விருந்தினர் முன்னிலையில் அவனையே கேட்டு அவர் பெருமைப்பட்டுக்கொள்வார் என்பார்கள். லாம்பேயை எழுப்பியது யார்? மனிதனை ஒருபோதும் சாதனமாக மட்டும் கருதாதே என்று உலகுக்கு உபதேசித்த பேரறிஞரின் விடியற்காலை, இன்னொரு மனிதன் அவருக்கு முன்னால் கண் விழித்ததால் அமைந்தது. காண்டைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. கூலி கொடுத்தார், நானோ அதுவும் கொடுக்கவில்லை.

தொடக்கத்தில் பிழை என்று குறிப்பிட்டது இதைத்தான். விடியலில் எழுபவர்கள் அரியர் அல்லர். நான் பார்த்த திசையில் அவர்கள் இல்லை, அவ்வளவே. மாட்டைக் கறந்து பாலை ஊற்றியவர், கொத்தவால் சாவடிக்கு மூட்டை இறக்கியவர், பூத் தொடுத்தவர், தெருவைப் பெருக்கியவர், முதல் ரயிலுக்குக் கரி தள்ளியவர் எல்லோரும் பிரம்ம முகூர்த்தத்தைக் கடந்து வந்தவர்களே. அவர்களை அனுஷ்டானசீலர்கள் என்று எவரும் அழைத்ததில்லை. அவர்கள் உழைப்பையே தவம் என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடும் சாதுரியமும் எனக்குச் சம்மதமன்று. ஏனெனில் அவர்களில் பலர் இரவு பத்து மணிக்குப் படுத்தவர்கள் அல்லர். அதிகம் உறங்குபவனுக்கும் யோகம் இல்லை, உறங்காமலே விழித்திருப்பவனுக்கும் யோகம் இல்லை என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் அளவு வகுத்துக் கூறியிருக்கிறான். அந்த அளவு ஒரு வீட்டில் ஒருவருக்கு வாய்ப்பதற்காக இன்னொருவருக்குக் குறைக்கப்படுமானால், குறைத்தவனுடைய யோகத்தின் கதி என்ன என்பது அடுத்த கேள்வி. உறக்கமும் ஒருவகையில் அரிசியைப் போலத்தான்; பானையில் இருப்பதைப் பங்கிட்டுத்தான் உண்ணவேண்டும்.

ஆண்டாளின் மார்கழி நோன்பை இந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது ஒரு புதுமை தென்படுகிறது. திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் ஆறாவது தொடங்கிப் பதினைந்தாவது வரை பத்துப் பாசுரங்கள் தோழியரை எழுப்புவதிலேயே கழிகின்றன. தான் எழுந்தாயிற்று, தான் நீராடியாயிற்று, தன் வழியே கோயிலுக்குப் போகலாம் என்று அவள் கிளம்பவில்லை. ஒருத்தி வராவிட்டாலும் வாசலில் நின்று மன்றாடுகிறாள். நெய்யும் பாலும் நீக்கி, மையும் மலரும் துறந்து, அதே மூச்சில் இயன்றவரை ஐயமும் பிச்சையும் இடுவோம் என்று நோன்பின் விதிகளை வகுக்கிறாள். அவளுக்கும் பலன் வேண்டாமல் இல்லை. மழை வேண்டும், ஊர் செழிக்க வேண்டும். ஆனால் அந்தப் பலன் எழுந்தவளுக்கு மட்டும் உரியதன்று, எழாமல் தூங்குபவளுக்கும் உரியது. காம்யத்தின் கறை அங்கே கழுவப்பட்டுவிடுகிறது என்று நான் கருதுகிறேன். பலனை வேண்டுவதில் தவறில்லை; அதைத் தன் ஒருவனுக்கென்று வேண்டுவதில்தான் கடன் என்ற சொல் பொருளிழந்து போகிறது.

இராமலிங்க அடிகள் நித்திய கரும விதி என்று உரைநடையில் ஒரு சிறு வழிகாட்டி எழுதிவைத்திருக்கிறார். சூரியோதயத்துக்கு முன் எழுவது, திருநீறு அணிந்து சற்றே அமர்ந்து தியானிப்பது, வெற்றிலை பாக்கில் எது மிகுதி எது குறைவு, முதலில் ஊறும் நீரை உமிழ்ந்து பின்னர் ஊறுவதை விழுங்குவது, கரிசலாங்கண்ணியை எவ்வாறு உட்கொள்வது என்பன போன்ற நுட்பங்களையெல்லாம் ஒரு பாட்டியின் பரிவோடு அதில் சொல்லுகிறார். இவ்வளவு சிறிய காரியங்களில் ஒரு ஞானி காலம் செலவிடலாமா என்று நினைப்பவர்கள், அதே கையால் அவர் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். உடம்பைப் பேணுவதும் பசித்தவனுக்குச் சோறிடுவதும் அவரிடத்தில் இரண்டு காரியங்கள் அல்ல. அந்த அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது.

நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டுவதை நான் விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்பொழுது ஐந்து மணிக்கு எழுகிறேன். சில நாள் ஐந்தரை ஆகிவிடுகிறது. ஆசனம் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஜபம் ஒரு கால் மணி நடக்கிறது. அதற்கு முன்பாகப் பால்காரரிடம் பாலை வாங்கிக் காய்ச்சி இறக்கிவிட்டு, டிகாக்ஷனையும் போட்டு மூடி வைக்கிறேன். வீட்டில் மற்றவர்கள் ஆறு மணிக்கு மேல்தான் எழுகிறார்கள்.