கடைவாயில் ஒரு ரசமணி

இட்லி தின்னும்போது பல் உடைந்தது. சொன்னால் யாரும் நம்பவில்லை. முறுக்கு, சீடை, ஆட்டெலும்பு எல்லாவற்றையும் பார்த்த கீழ்க் கடைவாய்ப் பல். சாம்பாரில் ஊறிய இட்லிக்கு ஒரு மூலையை விட்டுக்கொடுத்துவிட்டது. இட்லி மேல் குற்றமில்லை என்றார் பல் டாக்டர். விரிசல் பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று காலை அது போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

உடைந்த மூலைக்குப் பக்கத்தில் கறுத்துக் கிடந்தது, 1987-ல் அடைத்த வெள்ளி.

*

வெள்ளி என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதியில் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அன்றைக்கு அடைத்த டாக்டர் சின்னக் கண்ணாடிக் கல்வத்தில் வெள்ளித் தூளைப் போட்டு, துளி பாதரசம் விட்டு அரைத்தார். துணியில் வைத்துப் பிழிந்தார். மிஞ்சிய ரசம் முத்து முத்தாக வெளியே வந்தது. எல்லாம் வெறுங்கையால். பல்லுக்குள் வைத்து அமுக்கும்போது கூவைமாவை விரலால் நசுக்குகிற சத்தம், தலைக்குள்ளேயே கேட்டது.

ஓடுகிற ரசத்தைக் கட்டி மணியாக்குவதைச் சித்தர்கள் மறைபொருளில் பாட்டுப் பாட்டாக எழுதிவைத்தார்கள். ஊர்ப் பல் டாக்டர் பத்து நிமிஷத்தில் கட்டிவிட்டு, "இந்தப் பக்கம் நாளை வரைக்கும் மெல்லாதே" என்று அனுப்பிவைத்தார். முழுதாக இறுகுவதற்கு அதற்கு ஒரு நாள் வேண்டும். அப்புறம் அது என்னிடம் எதுவும் கேட்டதில்லை. சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளைத் தெரியாமல் கடித்தால் மட்டும் சுள்ளென்று ஒரு மின்னதிர்ச்சி. இரண்டு உலோகம், நடுவில் எச்சில். வாய்க்குள் ஒரு பேட்டரி.

*

"பாதரசம் விஷமாச்சே, மேல்வரிசையில் இருக்கிற மற்ற இரண்டு வெள்ளியையும் எடுத்துவிடலாமா?" என்று கேட்டேன். பயம்தான். பாதரசம் என்றால் நமக்குக் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை நினைவுக்கு வருகிறது. ஜப்பானியர்களுக்கு மினமாட்டா. அங்கே மீன் வழியாக மனிதர்களுக்குள் போனது மெத்தில் பாதரசம். அது வேறு சேர்மம், வேறு கொடுமை. அந்த ஊரின் பெயரில் 2013-ல் கையெழுத்தான உலக உடன்படிக்கை பல் அடைப்பையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து, விதிவிலக்குகள் தவிர, இதை நிறுத்திவிட்டது.

ஆனால் அதெல்லாம் புதிதாக அடைப்பதைப் பற்றி. வாய்க்குள் நல்லபடியாக இருப்பதைத் தோண்டி எடுக்கச் சொல்லி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகூடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றுதான் சொல்கிறது. தோண்டும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும், கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகும். டாக்டர் சொன்னது இன்னும் சுருக்கம்: "அது பாட்டுக்கு இருக்கட்டும், சார்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் பல்லை ஒப்படைத்தேன்.

*

வாய் மேல் ரப்பர் விரிப்பு. பல் மட்டும் அதன் ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே, உடைந்த பல்லில் இருந்த வெள்ளியைப் பொடியாக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார். பொடியானால் ஆவி கூடுமாம். கறுப்புத் துண்டுகள் மூடி போட்ட டப்பாவுக்குள் போயின. இத்தனை வருஷம் கூட இருந்ததாயிற்றே என்று வீட்டுக்குக் கேட்டேன். தரவில்லை. சாக்கடைக்கும் போகக்கூடாது, குப்பைக்கும் போகக்கூடாது.

அப்பா வாயில் இது போல மூன்று இருந்தன. அவரைத் தாமிரபரணிக் கரையில் எரித்தோம். பாதரசம் 357 டிகிரியில் கொதிக்கும். அன்றைக்கு இது யாருக்கும் தோன்றவில்லை.

*

வெள்ளி பல்லோடு ஒட்டாது. அதனால் குழியைக் குடம்போல வெட்டுவார்கள்: வாய் குறுகல், உள்ளே அகலம். நழுவாமல் இருப்பதற்காக நல்ல பல்லையும் சேர்த்துக் குடைய வேண்டும். இப்போது வைக்கப் போகும் பீங்கானுக்குக் குழி கிண்ணம்போல மேலே விரிய வேண்டும், இறங்கி உட்காரட்டும் என்று. பல்லையும் அமிலத்தால் சொரசொரப்பாக்கி, பீங்கானையும் அமிலத்தால் சொரசொரப்பாக்கி, நடுவில் பிசின் வைத்து ஒட்டுகிறார்கள். ஒன்று பூட்டிக்கொண்டு நிற்பது, மற்றது பிடித்துக்கொண்டு நிற்பது. குடத்தின் இரண்டு பக்கச் சுவரும் முப்பது வருஷத்துக்கு மேலாகத் தனித்தனியாகப் பாரம் தாங்கியதில்தான் என் மூலை போனது.

*

பேனா போன்ற கேமராவை வாய்க்குள் உலாத்தினார். முன்பெல்லாம் மாவு மாதிரி எதையோ குழைத்து வைத்து, குமட்டக் குமட்ட அச்சு எடுப்பார்கள். இப்போது திரையில் என் பல், உள்ளங்கை அளவுக்கு. எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்படிப் படமெடுத்து இயந்திரத்தால் பீங்கானைச் செதுக்குவதைத் தொடங்கியவர்கள் சூரிச் பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவர் வெர்னர் மொர்மனும் பொறியாளர் மார்கோ பிராண்டஸ்டினியும். முதல் நோயாளிக்கு வைத்தது 1985-ல். அதாவது எனக்குக் கல்வத்தில் அரைப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே. அந்த முதல் இயந்திரத்துக்கு மெல்லும் பக்கத்தைச் செதுக்கத் தெரியாது. ஒட்டிய பிறகு மேடு பள்ளத்தை டாக்டர்தான் கையால் தேய்த்துக் கொண்டுவர வேண்டும்.

இன்றைக்குத் தெரிகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீர் தெறிக்க, இரண்டு வைரமுனைகள் இரு பக்கமும் நின்று ஒரு கட்டியைக் குடைந்தன. லித்தியம் டைசிலிக்கேட், கண்ணாடியில் பிறந்த பீங்கான். நாவல்பழக் கறைபோல ஊதா. இதையா வாயில் வைக்கப் போகிறார் என்று திகைத்தேன். கால்மணி நேரத்தில் பல்லாகிவிட்டது, ஊதாப் பல். பிறகு சூளை, 850 டிகிரிக்குப் பக்கம். உள்ளே படிகங்கள் வளர்ந்து, ஊதா போய், பல்லின் நிறம் வருகிறது. உறுதியும் அங்கேதான் வருகிறது. குயவர் வீட்டுக் கணக்குதான்: பச்சையாக இருக்கும்போது செதுக்கு, பிறகு சுடு.

*

ஒட்டி முடித்ததும் நீலத்தாளைப் பல்லிடுக்கில் வைத்து, "கடிச்சுப் பாருங்க சார். உசரமா இருக்கா?" என்றார்.

எதிர்ப்பல்லின் மேடு பள்ளமெல்லாம் கணினியிடம் இருக்கிறது. இருந்தும் கடைசிக் கேள்வி எனக்குத்தான். எனக்கோ கன்னம், உதடு எல்லாம் மரத்துக் கிடந்தது. சரியாக இருக்கிறது என்றேன். சாயங்காலம் மரப்பு விட்டதும் தெரிந்துவிட்டது: மயிரிழை உயரம். மறுநாள் போனேன். நீலம் பட்ட இடத்தில் ஒரே ஒரு தொடுதல், கொஞ்சம் மெருகு, முடிந்தது.

*

நான்கு நாளாக நாக்கு அந்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. பழைய அடைப்பின் ஓரத்தில் ஒரு சின்னப் படி உண்டு, அதைத் தேடுகிறது. புதியது வழுவழுவென்று இருப்பதை அது இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணாடியில் பார்த்தால் எது பல், எது பீங்கான் என்று எனக்கே தெரியவில்லை. கடைவாயை யார் பார்க்கப் போகிறார்கள்? நிறத்துக்காக மட்டும் யாராவது மாற்றச் சொன்னால் நான் மாட்டேன்.

*

இன்று ஐந்தாம் நாள். இரண்டு பக்கமும் மென்றேன். எந்தப் பக்கம் என்பது சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மேல்வரிசையில் அந்த இரண்டு ரசமணிகளும் அப்படியே இருக்கின்றன. அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து.