யாருடைய கட்டை?

43 வயதில் பாட்டு வகுப்பில் சேர்ந்தேன். சுருதிப் பெட்டியை எடுத்துக்கொண்டே டீச்சர், "எத்தனை கட்டைம்மா?" என்றார். "ஐந்தரை" என்றேன். சிறுவயதில் எங்கள் வகுப்பில் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான்.

மாயாமாளவகௌளையில் சரளி வரிசை முடிந்து மேல் ஸ்தாயி வரிசைக்குப் போனதும் கழுத்து நரம்பு புடைத்தது. டீச்சர் நிறுத்தினார். நாலரைக்கு இறக்கினார். கீழே தைவதம்வரை போனேன், நெஞ்சு அதிர்ந்தது.

"ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கு டீச்சர்."

"உங்க குரல் மாதிரி இருக்கு" என்றார்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று ஆணும் பெண்ணும் உச்சக் கட்டையில் பாடினார்கள். நாடக மேடையில் கே.பி. சுந்தராம்பாளின் குரல் அப்படி ஓங்கியது. ஒலிபெருக்கி வந்தபின் அந்தத் தேவை போயிற்று. பெண் குரல் என்றால் மெல்லியதாக, இனிமையாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் போகவில்லை. அதற்கு இடையில்தான் டி.கே. பட்டம்மாள் தன் கனத்த குரலில், ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட ராகம் தானம் பல்லவியை மேடையில் பாடினார். 1970இல் சங்கீத கலாநிதி ஆனார்.

ஒரு கேள்வி என்னை விடவில்லை. "பொம்பளப் புள்ள சத்தமா பேசாதே" என்று வீடு என் குரலைத் திருத்தியது. டீச்சரும் திருத்துகிறார்: வாயைத் திற, அகாரத்தை விழுங்காதே, மூன்று காலத்திலும் சுருதி விலகாதே. ஒன்றை அடக்குமுறை என்றும் இன்னொன்றைப் பயிற்சி என்றும் எப்படிச் சொல்வது?

டீச்சர் வீட்டைவிடக் கண்டிப்பானவர். ஆனால் முதலில் என் தொண்டையைக் கேட்டு அளவை வைத்தார். பிறகுதான் அந்த அளவுக்கு நிற்கச் சொன்னார். வீடு அளவை முன்பே வைத்திருந்தது. அதற்குள் என்னை மடித்தது. ஒழுங்கு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. அந்த ஒழுங்கின் அளவு யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான்.

இதை எழுதும் உரிமை எனக்கு முழுதாக இல்லை. சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி ஔவையாரின் புறப்பாட்டை அறை அதிர வாசித்தாள். "கொஞ்சம் மென்மையா வாசிம்மா" என்றேன். மன்னர் முன் நின்று பேசிய புலவரின் பாட்டுக்கு!

போன வாரம் அவளை மறுபடி வாசிக்கச் சொன்னேன். நான் அன்று கேட்ட மென்மையிலேயே வாசித்தாள். "உன் குரலிலேயே வாசி" என்றேன்.

"இதுதான் மேடம் என் குரல்" என்றாள்.