போல உடுத்துவது

கோட்டு சூட்டு அணிவது வேஷம் என்ற எண்ணம் நம் வட்டத்தில் வெகுகாலமாக இருந்துவருகிறது. அதை யாரும் நிரூபித்ததாக எனக்கு நினைவில்லை. நிரூபணம் கேட்கப்படாத கருத்துக்களில் ஒன்றாக அது நம்மிடையே உலவுகிறது. வேட்டி இயல்பு, கதர்ச் சட்டை இயல்பு, ஜிப்பாவும் ஜோல்னாப் பையும்கூட இயல்பு. கோட்டு மட்டும் வேஷம். இக்கருத்தைக் கொஞ்சம் பரிசீலிக்கலாம் என்று நினைக்கிறேன். என்னை இதற்குத் தூண்டியது ஒரு தத்துவ நூல் அல்ல. ஒரு குறிப்பிட்ட கோட்டு. அதை வாங்குவதா வேண்டாமா என்பதில் என் அக்கா வீட்டில் ஒரு சீட்டுப் பணம் பணயமாக இருந்தது.

விவரம் இவ்வளவுதான். திருநெல்வேலியில் இருக்கும் அக்காவின் மகனுக்கு ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அழைப்பின் கடைசி வரி, அடர்நிற சூட் அணிந்து வரவேண்டும் என்றது. வேலை கிடைத்தால் வாரத்தில் ஐந்து நாளும் அதே உடைதான். அக்காவிடம் ஏலச் சீட்டு எடுத்த பணம் எட்டாயிரம் ரூபாய் இருந்தது. அது இளையவளின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்தது. கட்டணத்துக்கு இரண்டு மாதத் தவணை இருந்தது. பையன் என்னிடம் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. "மாமா, இதப் போட்டுட்டுப் போனா பொய் சொன்ன மாதிரி ஆகாதா?" என்றான். கவிதை எழுதும் நண்பர் ஒருவரும் அப்போது உடன் இருந்தார். "ஆகும்" என்று அவர் உடனே பதில் சொன்னார்.

ஆகுமா?

பொய் என்பதற்கு ஒரு குறைந்தபட்ச இலக்கணம் உண்டு. இல்லாத ஒன்றை இருப்பதாக ஒருவர் நம்பவேண்டும். அந்த நம்பிக்கையை நாம் வேண்டுமென்றே உண்டாக்கவேண்டும். அடர் சாம்பல் நிறக் கோட்டு அணிந்த இளைஞன் எதை நம்பவைக்கிறான்? தான் பணக்காரன் என்றா? அறைக்கு வெளியே காத்திருக்கும் எல்லோரும் அதே நிறத்தில், அதே வெட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும்போது அந்த வாக்கியத்துக்குச் செய்தி என்று எதுவும் மிஞ்சுவதில்லை. அணியாமல் வருகிறவன்தான் ஏதோ சொல்கிறவன் ஆகிறான். அவன் சொல்ல நினைக்காத ஒன்றை அவன் உடம்பிலிருந்து மற்றவர்கள் படித்துவிடுகிறார்கள். ஆக, இந்தக் கோட்டு ஒரு கூற்றாக இருப்பதைவிட ஒரு நுழைவுக் கட்டணமாகவே இருக்கிறது. கட்டணம் அநியாயமாக இருக்கலாம். ஆனால் அநியாயமான கட்டணத்தைச் செலுத்துகிறவனைப் பொய்யன் என்று நாம் சொல்வதில்லை.

இந்த உடையின் சரித்திரமும் இதற்கு இசைகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய ஆண்கள் பட்டையும் சரிகையையும் பளிச்சென்ற வர்ணங்களையும் கைவிட்டார்கள். ஃப்ளூகல் என்ற உளவியலாளர் 1930இல் இதை ஆண்களின் பெருந்துறவு என்று வர்ணித்தார். பிரம்மல் காலத்து லண்டனில், கண்ணை இழுக்காத உடையே உயர்ந்த உடை என்ற ருசி நிலைபெற்றது. நாம் ஆடம்பரம் என்று ஒதுக்குகிற பொருளின் பூர்வீகத்தில் ஒரு துறவு இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையைச் சொன்னதாகத்தான் ஆகும். வர்ணத்தில் காட்ட முடியாத வசதி வெட்டுக்குள் ஒளிந்துகொண்டது. எளிமையான உடை எல்லோருக்கும் ஒரே விலையில் எளிமையாக இருப்பதில்லை.

ஜங்ஷன் பக்கம் ஒரு கட்டிங் மாஸ்டர் எனக்கு இதை விளக்கினார். விலை கூடின கோட்டில் மார்புப் பகுதிக்குள் கேன்வாஸ் வைத்துத் தைப்பார்கள். உடம்பின் சூட்டில் அது நாளடைவில் அணிகிறவனின் வளைவுக்குப் படிந்துவிடும். மலிவான கோட்டில் உள்துணியைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். சூடான இஸ்திரி அதிகம் பட்டால் பசை விட்டுத் துணி கொப்பளிக்கும். கம்பளி சுவாசிக்கும், பாலியஸ்டர் கலந்தது வேர்க்கவைக்கும், டியூப் லைட்டில் மினுங்கும். முழு சூட்டுக்கு மூன்றேகால் மீட்டர் துணி வேண்டும். துணியும் தையல்கூலியும் சேர்ந்தால் ரெடிமேடைவிட அதிகமாகிவிடும். "தோள் மட்டும் சரியா இருக்கணும் அண்ணாச்சி. கை நீளம், இடுப்பு, பேண்ட் அடி எல்லாம் நான் பிடிச்சுத் தந்துருவேன். தோளைத் தொட்டா புதுசாத் தைக்கிற வேலை" என்றார். கறுப்பு வேண்டாம், அது கல்யாண ரிசப்ஷனுக்கு. சாம்பலோ நீலமோ அடர்த்தியாக எடுங்கள் என்றும் சொன்னார். கைமுனையில் மூன்று நான்கு பித்தான்கள் வரிசையாக இருக்கும்; பெரும்பாலான ரெடிமேடுகளில் அவற்றுக்குத் திறக்கிற காஜா கிடையாது, சும்மா தைத்திருப்பார்கள். பின்புறத் திறப்பை இணைத்திருக்கும் குறுக்குத் தையலையும், கைமேல் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பட்டையையும் அணியுமுன் பிரித்துவிடவேண்டும். இது தெரியாமல் அப்படியே அணிந்து போகிறவனை அறையில் இருக்கிறவர்கள் ஒரு பார்வையில் கண்டுகொள்வார்கள்.

இந்தத் தகவல்களை நான் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. வேஷம் என்று ஒன்று இருந்தால் அதைக் கலைப்பதற்கான அடையாளங்களும் அதற்குள்ளேயே வைத்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. பிரிக்காத ஒரு தையல் போதும், வந்தவன் எந்த வீட்டிலிருந்து வந்தவன் என்று சொல்லிவிட. ஏழையின் கோட்டு யாரையும் பெரிதாக ஏமாற்றுவதில்லை. தன்னைப் பற்றிய பேச்சு உடையில் தொடங்கிவிடாதபடி ஒரு கால்மணி நேரம் தடுத்துவைக்கிறது. அந்தக் கால்மணி நேரத்தில் அவன் தன் படிப்பைப் பற்றிப் பேசலாம்.

நண்பரின் பதில் வேறு தளத்தில் இருந்தது. காந்தி கோட்டைக் களைந்தார் அல்லவா என்றார். களைந்தார். ஆனால் 1888இல் லண்டன் போய்ச் சேர்ந்த காந்தி, பாண்ட் தெருவில் 10 பவுண்டுக்கு மாலை உடை தைத்து அணிந்தவர். தொப்பிக்கு மட்டும் 19 ஷில்லிங் கொடுத்தவர். 1921 செப்டம்பரில் மதுரையில் அவர் அரையாடைக்கு மாறியபோது, அவரிடம் களைவதற்கு ஏதோ இருந்தது. அவர் களைந்தார் என்பதை உலகம் கவனித்தது. துறவு அர்த்தம் பெறுவதற்கு முன்னால் உடைமை நிச்சயப்பட்டிருக்கவேண்டும். அம்பேத்கரை எதிரில் நிறுத்திப் பார்த்தால் இது தெளிவாகும். அவர் கோட்டைக் களையவில்லை. அவர் பிறந்த சாதியைச் சேர்ந்தவர்கள் அரையாடையில் நின்றால் அதை யாரும் துறவு என்று வாசித்திருக்கமாட்டார்கள். விதிக்கப்பட்ட இடத்தில் நிற்கிறார்கள் என்றுதான் வாசித்திருப்பார்கள். இன்றும் சிலைகளில் அவர் நீலக் கோட்டுடனேயே நிற்கிறார். தமிழ்நாட்டின் பல ஊர்களில் அச்சிலை கம்பிக் கூண்டுக்குள் இருக்கிறது. வெறும் வேஷத்துக்கு யாரும் கூண்டு போடவேண்டிய அவசியம் வராது.

இன்னும் பின்னால் போகலாம். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்காக நடந்த நீண்ட போராட்டத்தின் முடிவில், 1859இல் அரசு அனுமதி தந்தது. அந்த அனுமதியில் ஒரு வரையறை இருந்தது: மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது. நான் இந்தப் 'போல' என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். மறைப்பதில் அரசுக்கு ஆட்சேபம் இல்லை, ஒத்திருப்பதில்தான் ஆட்சேபம். யார் யாரைப் போல உடுத்தலாம் என்பதே அங்கு வழக்கு. வேஷம் என்ற குற்றச்சாட்டுக்கு நம் மண்ணில் இப்படி ஒரு வம்சாவளி இருக்கிறது. கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனைப் போல உடுத்தும்போதுதான் அது எழுந்திருக்கிறது. மேலே இருக்கிறவன் கிழிந்த ஜிப்பாவில் வந்தால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் எளிமை. இலக்கியவாதிகளான நாம் இந்தச் சொல்லை மேல்நாட்டுத் தத்துவத்திலிருந்து எடுத்ததாக நினைக்கலாம். அதன் பழைய வாசனை அதில் இருக்கத்தான் செய்கிறது.

தத்துவத்திலும் அது அவ்வளவு சுலபமாக நிற்பதில்லை. சார்த்தர் 1943இல் எழுதியதில் ஓட்டல் பரிசாரகன் ஒருவன் வருகிறான். பரிசாரகனாக இருப்பதையே அவன் ஒரு விளையாட்டாக ஆடுகிறான். தன்னைத் தானே ஏய்த்துக்கொள்வதற்கு உதாரணமாக நம்மில் பலர் இவனைக் காட்டியிருக்கிறோம். ஆனால் ஏய்ப்பு உடையில் இல்லை. அந்த உடையோடு தன்னை முழுதும் ஒன்றாக்கிக்கொள்வதில் இருக்கிறது. 'இதைப் போட்டால் பொய் ஆகாதா' என்று கேட்கிறவன் அந்த உடையிலிருந்து ஏற்கெனவே ஒரு அடி விலகி நிற்கிறான். அக்கேள்வி அவனிடம் இருக்கும்வரை நான் அவனுக்காகப் பயப்படத் தேவையில்லை. பத்து வருஷம் கழித்துத் தனக்கு எதிரே வந்து உட்காரும் ஒரு பையனின் பிரிக்காத தையலைப் பார்த்து அவன் சிரித்தால், அப்போது பயப்படலாம்.

பொய்யும் மெய்யும் இந்த விஷயத்தில் வேறு இடங்களில் இருக்கின்றன. பணமில்லாதவனுக்கு முன்னால் இருக்கும் வழிகளை வரிசையாகப் பார்த்தால் அவை தெரியும். இரவல் வாங்கலாம். பக்கத்து வீட்டில் ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு பீரோவில் தொங்கும். சாட்டின் காலரும் மினுமினுப்புமாக அது வேலைக்கு உதவாது என்பது வேறு விஷயம். இரவலில் தர்மக் குறைவு ஏதும் இல்லை. வாடகைக்கு எடுக்கலாம், ஒரு நாளுக்குச் சரி, வாரம் ஐந்து நாளுக்குக் கட்டாது. மூன்றாவது ஒரு வழியைக் கூடப் படித்தவன் ஒருவன் பையனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். விலைச்சீட்டை அறுக்காமல் உள்ளே மடித்து, தேர்வுக்கு அணிந்துவிட்டு, அளவு சரியில்லை என்று மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுவது. இது பொய். அணியாத துணி என்று கடைக்காரர் நம்பவேண்டும், அடுத்து வாங்குகிறவனும் நம்பவேண்டும். இலக்கணம் இங்கே முழுதாகப் பொருந்துகிறது. நான்காவது வழி தவணை. அதில் பொய் இல்லை என்று சொல்லத் தயங்குகிறேன். கிடைக்காத சம்பளத்தைக் கிடைத்ததாக வைத்துக்கொண்டு தனக்குத் தானே கணக்கு எழுதும் காரியம் அது.

எஞ்சியது, கையில் இருக்கும் பணத்தில் வாங்குவது. இங்குதான் உண்மையான அறப் பிரச்னை இருக்கிறது. அதற்கும் வேஷத்துக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பணம் யாருடையது? இக்கேள்வியை எழுப்பியவள் அக்காவின் மகள்தான். "அண்ணன் எடுத்துக்கிடட்டும் மாமா. ஆனா சும்மா குடுத்ததா இருக்கவேண்டாம். கடன்னு எழுதித் தரச் சொல்லுங்க" என்றாள். எழுதித் தந்தான். ரெடிமேட், பாலியஸ்டர் விஸ்கோஸ், அடர் சாம்பல், 4,800 ரூபாய். பிடித்துத் தைக்க 350. எஞ்சியது அவள் பெயரில் தபால் ஆபீசில் போடப்பட்டது. வேலை கிடைத்ததா என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. கிடைத்ததால் வாங்கியது சரி என்றோ, கிடைக்காததால் தப்பு என்றோ முடிவு செய்யும் தர்க்கம் சூதாட்டக்காரனுடையது.

கோகலின் கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 1842இல் வெளிவந்த அக்கதையில் அந்தக் குமாஸ்தா 80 ரூபிளுக்காக மாலைத் தேநீரை விடுகிறான், மெழுகுவர்த்தி ஏற்றாமல் இருக்கிறான், செருப்பு தேயாமலிருக்கக் கால்நுனியில் நடக்கிறான். கோட்டு பறிபோவதுதான் கதை என்று நாம் பேசிவந்திருக்கிறோம். சேர்க்கிற மாதங்களில்தான் அவனுக்கு முதன்முதலாக ஒரு லட்சியமும் முகமும் வருகின்றன என்பதும் அதே கதையில் இருக்கிறது. அவனை வேஷக்காரன் என்று சொல்லும் மனம் நமக்கு வராது. ரஷ்யக் குளிரில் கோட்டு தேவை, திருநெல்வேலி வெயிலில் தேவையா என்று கேட்கலாம். மார்க்ஸ் 1852 பிப்ரவரியில் கோட்டு அடகில் இருந்ததால் வீட்டைவிட்டு வெளியே போக முடியாமல் இருந்தார். அவரைத் தடுத்ததில் குளிரின் பங்கு எவ்வளவு, மற்றவர்களின் கண்ணின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பார்வையும் ஒரு தட்பவெப்பம்தான். அதிலிருந்து உடம்பைக் காக்கவும் துணி வேண்டியிருக்கிறது.

2014இல் சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு மன்றத்தின் வாசலில் தடுத்தார்கள். அதே ஆண்டு அரசு சட்டம் கொண்டுவந்து, அப்படித் தடுக்கக் கூடாது என்றது. நல்ல சட்டம். நீதிபதிக்கு அது போதும். உள்ளே போன பிறகு அவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். யார் என்று இன்னும் தெரியாதவனுக்குச் சட்டம் வாசலைத் திறக்கலாம், மேஜைக்கு அப்பால் இருக்கும் கண்ணைத் திறக்க முடியாது. மாறவேண்டியது அந்தக் கண். அதை மாற்றும் வேலை எழுதுகிறவர்களுடையது, அங்கே சம்பளம் வாங்குகிறவர்களுடையது, இனி அங்கே போய் உட்காரப்போகிறவர்களுடையதும்கூட. அது மாறும்வரைக்கும் கட்டணத்தைச் செலுத்துகிறவனிடம் போய் அசல் மனிதனாக இரு என்று உபதேசிப்பது, அவன் செலுத்துகிற விலைக்கு மேல் நாம் போடுகிற இன்னொரு வரி. அதை வசூலிக்க நமக்கு உரிமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.