விருந்தும் சுமையும்

வறிய நாடொன்று தன் மலைகளையும் ஆறுகளையும் கோயில்களையும் பிறருக்குக் காட்டிப் பொருள் ஈட்ட விழைவது இழுக்கன்று. உழுவதற்கேற்ற நிலம் குறைவு, தொழிற்சாலைகள் அரிது, கடலும் இல்லை என்ற நிலையில், இயற்கை தந்த அழகையே முதலாகக் கொண்டு ஒரு நாடு வாழ முயல்வதை யார் குறை கூற முடியும்? ஆயினும், விருந்தோம்பல் விலைக்கு வரும் நாளில் ஒரு வினா எழுந்தே தீரும். விருந்தினர் தரும் பொருளைப் பெறுபவர் யார், விருந்தின் சுமையைத் தூக்குபவர் யார் என்பதே அவ்வினா. சுற்றுலா வளர்ச்சிக்குரிய தடைகளையும் தீர்வுகளையும் வகுத்துரைக்கும் பொருளியலாரின் பட்டியல்களில் இதற்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. நாம் இதனையே முதல் வினாவாகக் கொண்டு, நமக்கு அண்டை நாடாகிய நேபாளத்தை நோக்குவோம்.

1951-இல் ராணாக்களின் ஆட்சி முடிவுறும் வரை அயலார் எளிதில் நுழைய இயலாத நாடு அது. 1953 மே 29 அன்று டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தபின் உலகம் அதன்பால் கண்ணைத் திருப்பியது. எண்ணாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த பதினான்கு சிகரங்களுள் எட்டு அந்நாட்டிலோ அதன் எல்லையிலோ அமைந்துள்ளன. புத்தர் பிறந்த லும்பினி அங்குள்ளது. காத்மாண்டு பள்ளத்தாக்கின் கோயில்களும் அரண்மனை முற்றங்களும் 1979-இல் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தன. இத்தனை இருந்தும் 2019-இல் அங்கு வந்த அயல்நாட்டார் ஏறத்தாழ 12 லட்சம் பேரே. பெருந்தொற்று பரவிய 2020-இல் அது 2 லட்சத்து 30 ஆயிரமாகச் சரிந்தது; 2023-இல்தான் மீண்டும் 10 லட்சத்தைத் தாண்டியது.

ஏன் இந்த நிலை என்று கேட்டால் உடனே சொல்லப்படும் காரணங்கள் பல உண்டு. 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. 1998-ஐச் சுற்றுலா ஆண்டாகக் கொண்டாடியவர்களுக்கு, 1999 டிசம்பரில் காத்மாண்டிலிருந்து புறப்பட்ட இந்திய விமானம் கடத்தப்பட்டது பேரிடியாயிற்று. 2001 ஜூனில் அரச குடும்பத்தினர் பலர் அரண்மனைக்குள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 25-இல் நிகழ்ந்த நிலநடுக்கம் ஏறத்தாழ ஒன்பதாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றது. 2020-ஐ மீண்டும் சுற்றுலா ஆண்டாக அறிவித்தார்கள், கொரோனா வந்தது. 2025 செப்டம்பரில் இளைஞர் கிளர்ச்சியின்போது தலைநகரின் புகழ்பெற்ற விடுதியொன்றும் தீக்கிரையாயிற்று. இவற்றுள் சில இயற்கையின் சீற்றம், சில வரலாற்றின் கொந்தளிப்பு. இவற்றுக்குத் தீர்வு கூறும் தகுதி நமக்கு இல்லை. மாந்தர் தெரிந்தே தேர்ந்துகொண்ட தடைகள் வேறு உள்ளன. நம் கவனத்துக்குரியவை அவையே.

முதலில் விமானங்களை எடுத்துக்கொள்வோம். 2022 வரை அந்நாடு முழுமைக்கும் இருந்த பன்னாட்டு விமான நிலையம் ஒன்றே. அதற்கு ஓடுதளமும் ஒன்றே. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் காலை மூடுபனி விலகும் வரை விமானங்கள் வானில் வட்டமிடுவது வழக்கம். இக்குறையைப் போக்க லும்பினிக்கருகே பைரஹவாவில் 2022-இலும், பொக்காராவில் 2023-இன் முதல் நாளிலும் புதிய நிலையங்கள் திறக்கப்பட்டன. பொக்காரா நிலையம் சீனக் கடனில் எழுந்தது. கட்டடம் எழுந்தது, கடனும் எழுந்தது. அயல்நாட்டு விமானங்கள் மட்டும் எதிர்பார்த்தபடி வந்திறங்கவில்லை. திறப்பு விழா முடிந்த பதினைந்தாம் நாள், அங்கு இறங்க வந்த உள்நாட்டு விமானமொன்று வீழ்ந்து 72 பேர் மாண்டனர். விமானியின் கைத்தவறே காரணம் என்றது விசாரணை.

அவ்விபத்துக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 2013 டிசம்பரில், ஐரோப்பிய ஒன்றியம் நேபாள விமான நிறுவனங்கள் அனைத்தையும் தன் தடைப் பட்டியலில் சேர்த்திருந்தது. சொல்லப்பட்ட குறைகளுள் ஒன்று நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. விமான நிலையங்களை நடத்துவதும், பறத்தலின் பாதுகாப்பைக் கண்காணிப்பதும் அங்கு ஒரே ஆணையத்தின் கையில் இருந்தன. தன் வழக்கில் தானே நீதிபதியாய் அமர்வது நீதியன்று என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த செய்தி. ஆயினும் இரண்டையும் பிரிக்கும் சட்டமுன்வடிவு ஆண்டுக் கணக்கில் இழுபட்டது. இங்கே பணம் இல்லாதது தடையன்று. அதிகாரத்தைப் பகிர மனம் இல்லாததே தடை. புதிய ஓடுதளத்துக்குக் கடன் கொடுக்க அயலார் முன்வருவர். இந்த மனத்தை எவரும் கடனாகத் தர இயலாது.

இனி, இதைவிட நுட்பமான ஒரு கேடு. உயர்ந்த மலைகளில் காற்று மெலிந்திருப்பதால் நடைப்பயணிகளுக்குத் தலைவலியும் வாந்தியும் வருவதுண்டு. சிலருக்கு அது உயிரையே பறிக்கும் நோயாக மாறும். அத்தகையோரை மீட்க ஹெலிகாப்டர்கள் உள்ளன. செலவை அயல்நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிறு தலைவலிக்கும் பயணியை அச்சுறுத்தி ஹெலிகாப்டரில் ஏற்றுவதும், ஒரே பறப்பில் பலரைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே முழுக் கட்டணம் கோருவதும், மருத்துவமனையும் வழிகாட்டியும் பங்கு பிரித்துக்கொள்வதுமாக ஒரு தொழிலே வளர்ந்துவிட்டதை 2018-இல் அரசின் விசாரணை வெளிக்கொணர்ந்தது. நோயுற்ற விருந்தினரின் அச்சமே அங்கு விலைப்பொருளாயிற்று. இழப்பு காப்பீட்டு நிறுவனங்களோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த ஆண்டு மெய்யாகவே மூச்சுத்திணறிக் கிடக்கும் ஒருவரை, இவர் பொய் சொல்கிறாரோ என்று உலகம் ஐயுறுமாயின், அந்த ஐயத்தின் விலையை யார் தருவது?

விருந்தினருக்கு இழைக்கப்படும் தீங்கு இவ்வாறெனில், விருந்தோம்புவோரிடையே இழைக்கப்படும் தீங்கு அதனினும் பழையது. 'ஷெர்ப்பா' என்றால் சுமை தூக்குபவர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது ஓர் இனத்தின் பெயர். கீழ்மலைகளில் சுமை தூக்குவோருள் பெரும்பாலோர் ராய், தாமாங், மகர் முதலிய இனங்களைச் சேர்ந்த ஏழை உழவர்கள். 'டோக்கோ' என்னும் கூம்பு வடிவ மூங்கில் கூடையை முதுகில் ஏற்றி, 'நாம்லோ' என்னும் பட்டையை நெற்றியில் மாட்டி, கழுத்தின் வலிமையால் மலையேறுபவர்கள். பயணிகளின் சுமை தூக்குவோர்க்கு முப்பது கிலோ என்ற வரம்பு உண்டு. அதனினும் மிகுதியாகச் சுமப்போரை எந்தப் பாதையிலும் காணலாம். தாழ்ந்த ஊர்களிலிருந்து வருவதால் உயரம் தரும் நோய் பயணியைப் போலவே இவர்களையும் தாக்கும். பயணிக்கு ஹெலிகாப்டர் வரும். இவர் கூலி இழந்து தனியே இறங்க வேண்டும்.

2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து 16 நேபாளத் தொழிலாளர் மாண்டனர். ஈமச் செலவுக்கென அரசு முதலில் அறிவித்த உதவி குடும்பத்துக்கு நாற்பதாயிரம் நேபாள ரூபாய். ஒரே ஓர் அயல்நாட்டவர் அம்மலையில் ஏற அப்போது செலுத்திய அனுமதிக் கட்டணம் பல லட்சம். ஷெர்ப்பாக்கள் பணி செய்ய மறுத்தனர். அப்பருவத்தின் ஏற்றமே அவ்வாண்டு நேபாளப் பக்கத்தில் நின்றுபோயிற்று. பின்னரே காப்பீட்டுத் தொகை உயர்த்தப்பட்டது. கட்டணத்தை உயர்த்துவதில் அரசுக்கு இத்தகைய தயக்கம் இருந்ததில்லை; 2025-இல் அது 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராயிற்று.

மம்ரேயின் மரநிழலில் மூவருக்கு விருந்து படைத்த ஆபிரகாமை நாம் விருந்தோம்பலின் தந்தையாகவே போற்றுகிறோம். இளங்கன்றைத் தேர்ந்தவர் அவர். அதை விரைந்து சமைத்தவனோ ஒரு பணியாள். அவன் பெயரைத் தொடக்க நூல் சொல்லவில்லை. விருந்து நடக்கும் இடமெங்கும் பெயரில்லாத ஒருவன் அடுப்படியில் நிற்கிறான் போலும்.

தீர்வே இல்லையா? உண்டு, அந்நாடே அதைக் கண்டறிந்திருக்கிறது என்பது மகிழ்ச்சி தரும் செய்தி. அன்னபூர்ணா மலைப்பகுதியில் 1986-இல் காந்துருக் என்னும் ஊரை மையமாகக் கொண்டு ஒரு பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று. காட்டைக் காக்க மக்களை வெளியேற்றுவதே அதுவரை உலகின் பல இடங்களில் இருந்த வழக்கம். இத்திட்டமோ மக்களைக் காட்டுக்குள்ளேயே இருக்கவிட்டு, பயணிகளிடம் பெறும் நுழைவுக் கட்டணத்தை அப்பகுதிக்கே செலவிட்டது. ஊர்க் குழுக்கள் அமைந்தன. அன்னையர் குழுக்கள் பாதைகளைச் செப்பனிட்டன. விடுதிகள் விறகை விட்டு மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின. உணவின் விலையையும் ஊரார் கூடி வகுத்தனர். சித்வான் போன்ற தேசியப் பூங்காக்களிலும், வருவாயில் 30 முதல் 50 விழுக்காடு வரை சுற்றியுள்ள ஊர்களுக்குச் சேர வேண்டும் என்ற விதி பின்னர் வந்தது. காண்டாமிருகம் பயிரை மேய்ந்தால் இழப்பு ஊராருக்கு, அதைக் காண வருபவர் தரும் காசு தலைநகருக்கு என்ற நிலை ஓரளவேனும் மாறிற்று. குறைகள் அங்கும் உண்டு. பாதையோரத்தில் விடுதி கட்ட நிலமுள்ளவர் செழித்தார். அரை நாள் நடைத் தொலைவில் உள்ளவர் பழையபடியே இருந்தார். எனினும் ஊராரும் விருந்தோம்புவோராக எண்ணப்பட்டதை நாம் சிறிதாகக் கருத இயலாது.

இந்த அன்னபூர்ணாவிலேயே மிகக் கடினமான வினா ஒன்று பிறந்தது. அம்மலைத் தொகுதியைச் சுற்றிவரும் நடைபாதை, 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாயைக் கடந்து, ஏறத்தாழ மூன்று வாரம் நடக்க வேண்டியதாய் இருந்தது. உலகின் தலைசிறந்த நடைபாதைகளுள் ஒன்றெனப் பெயர் பெற்றது. பின்னர் ஒருபுறம் காளி கண்டகி ஆற்றோரமாகவும், மறுபுறம் மர்சியாங்டி ஆற்றோரமாகவும் சாலை வந்தது. ஜீப்புகளின் புழுதியில் நடக்க விரும்பாத பயணிகள் வேறிடம் தேடினர். நடப்பவர்கள் இரவு தங்கிச் சென்ற ஊர்கள் பல, வண்டிகள் நில்லாமல் கடந்துபோகும் ஊர்களாயின. சாலையே சுற்றுலாவைக் கெடுத்தது என்று அயல்நாட்டார் வருந்தி எழுதினர்.

அவர்களின் வருத்தம் நமக்கு விளங்குகிறது, உடன்பட முடியவில்லை. பேறுகாலத்துப் பெண்ணைத் தூளியில் தூக்கிக்கொண்டு நாள் கணக்கில் நடந்தவர்கள் சாலை கேட்கிறார்கள். அவர்கள் விளைவிக்கும் ஆப்பிள், விலைபோகும் சந்தையைச் சேரும் முன்பே அழுகிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் வந்து போகும் ஒருவரின் கண்ணுக்கு இன்பம் குன்றாதிருக்க, ஆண்டு முழுதும் அங்கு வாழ்பவர் சாலையின்றி இருக்க வேண்டும் என்பது எந்த அறத்தில் சேர்ந்தது? பழமையைப் பிறர் வீட்டில் பார்க்க விரும்புவோர் தம் வீட்டில் மின்விசிறியை நிறுத்துவதில்லை. நாம் சொல்லக்கூடியது ஒன்றே: சாலை அமைத்தவர்கள் நடைபாதையையும் வேறு தடத்தில் அமைத்திருக்க வேண்டும். சில இடங்களில் பின்னர் அவ்வாறு செய்தார்கள். முன்னரே செய்திருந்தால் சில ஊர்கள் பிழைத்திருக்கும்.

பூட்டான் வேறு வழியில் செல்கிறது. நாளொன்றுக்கு இத்தனை டாலர் என்று கட்டணம் விதித்து வருவோரின் தொகையை அளவாக வைத்துக்கொள்கிறது. நேபாளத்தின் மலை விடுதிகளோ எளிய பயணிகளை நம்பி எழுந்தவை. பருப்புஞ் சோறும் கம்பளியும் போதும் என்று வருபவரே அவர்களுக்கு வாழ்வு. செல்வர் மட்டும் வரலாம் என்று நாளை அரசு சொல்லுமானால், முதலில் அணைவது இவர்களின் அடுப்பே.

அந்த அடுப்பைப் பேணுவதற்கு ஆள் இருக்கிறார்களா என்பதும் இன்று ஐயமாகி வருகிறது. அந்நாட்டு இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் நான்கில் ஒரு பங்குக்கு அருகில் வருகிறது. சுற்றுலா ஈட்டுவது அதற்குப் பன்மடங்கு குறைவு. பருவத்துக்குப் பருவம் கிடைக்கும் கூலி, காப்பீடின்மை, முதியவரானபின் ஏதுமின்மை ஆகியவற்றைக் கண்ட மகன், தந்தையின் நாம்லோவை எடுக்க விரும்புவானா? சுற்றுலாத் தொழிலில் முறையான ஊதியமும், பயிற்சிச் சான்றிதழும், காயமுற்றால் கைவிடாத ஏற்பாடும் அமையுமாயின் சிலராவது தங்குவர். விளம்பரத்துக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினால் போதும் என்பது நம் எண்ணம்.

இதில் நமக்கும் பங்குண்டு. அங்கு வரும் அயல்நாட்டாருள் முதலிடம் இந்தியருக்கே. 2023-இல் விமானத்தில் சென்றோர் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல். வைணவப் பெருமக்கள் சாளக்கிராமத் திருப்பதியாகப் போற்றும் முக்திநாத், தோரோங் கணவாயின் மேற்குச் சரிவில்தான் உள்ளது. நம் தெருவிலேயே வாழும் முதியோர் பலர், முன்பு நினைத்தும் பாராத அக்கோயிலுக்கு இன்று அந்தப் புழுதிச் சாலையால்தான் செல்ல முடிகிறது. அச்சாலைகளின் இடர் நாம் அறியாததன்று. 2024 ஆகஸ்டில் மராட்டியத்திலிருந்து சென்ற பயணிகளின் பேருந்து மர்சியாங்டி ஆற்றில் வீழ்ந்து 27 பேர் மாண்டனர். ஏற்பாட்டாளரிடம் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும்போது, குறைவது யாருடைய பங்கு என்று கேட்பாரில்லை. பொக்காராவிலிருந்து ஒரே நாளில் முக்திநாத்துக்குக் கொண்டு சேர்ப்பேன் என்பவரைவிட, வழியில் ஓரிரவு தங்கிச் செல்வோம் என்பவர் சற்றுக் கூடுதலாகவே கேட்பார். அந்த இரவில் முதியவரின் உடல் மலைக்காற்றுக்குப் பழகும், ஓட்டுநர் உறங்குவார், தாத்தோபானியிலோ மார்ஃபாவிலோ ஒரு வீட்டில் பத்துப் பேருக்கு உலை வைப்பார்கள்.