மெஹ்திக்கு என்ன கோபம்?

'ராக்கெட் பாய்ஸ்' தொடரைப் பார்த்தவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சுற்றிச் சுற்றி ராஸா மெஹ்தியிடம் வந்து நிற்கும். ஹோமி பாபாவும் விக்ரம் சாராபாயும் பாடப்புத்தகத்திலேயே பழகியவர்கள். ராமேசுவரத்து அப்துல் கலாமைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெஹ்திதான் புதிர். கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு பாபா எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் குறுக்கே நிற்கும் இந்த இயற்பியலாளருக்கு என்னதான் வேண்டும்? பாபா பணக்கார வீட்டுப் பிள்ளை என்ற எரிச்சலா? நேரு தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்ற ஆற்றாமையா? ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சொல்லி முடித்தபின் எல்லாக் காரணங்களும் பொறாமை என்ற ஒரே கணக்கில் வரவு வைக்கப்படும்.

சோனி லிவ் தளத்தில் 2022 பிப்ரவரியில் முதல் பருவமும் 2023 மார்ச்சில் இரண்டாம் பருவமும் வெளிவந்த தொடர் அது. அபய் பன்னு இயக்கியது. பாபாவாக ஜிம் சர்ப், சாராபாயாக இஷ்வாக் சிங், சாராபாயின் மனைவி மிருணாளினியாக நம் சென்னைப் பெண் ரெஜினா கசாண்ட்ரா. மெஹ்தியாக நடித்தவர் திப்யேந்து பட்டாசார்யா. அணுவும் ராக்கெட்டும் பெயரளவுக்குத்தான். சாராம்சத்தில் அது ஓர் அலுவலகக் கதை. நிதி யாருக்குப் போகிறது, கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது, மேலிடத்துக்கு யார் நெருக்கம் என்பதே அதன் பதற்றம். ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர்கள் அதில் லயித்துப்போனதில் வியப்பில்லை.

பழைய காலத்து அலுவலகக் கதைகளில் பாத்திரங்களின் மனசைத் தோண்டிப் பார்ப்பது தனிச் சுகம். 1960களின் நியூயார்க் விளம்பர நிறுவனம் ஒன்றைக் காட்டிய 'மேட் மென்' தொடரின் டான் டிரேப்பர் ஏன் அப்படி நடந்துகொண்டான் என்று அமெரிக்கர்கள் வருஷக்கணக்காகப் பேசினார்கள். பேசட்டும், டிரேப்பர் என்று ஒருவன் இருந்ததில்லை, அவனைப் பற்றித் தப்பாகச் சொன்னால் வருத்தப்பட யாரும் இல்லை. மெஹ்தியும் கற்பனைப் பாத்திரம் என்றே தொடரை எடுத்தவர்கள் சொன்னார்கள். ஆனால் கல்கத்தாவில் அணு ஆய்வுக்கூடம், இந்தியாவின் முதல் சைக்ளோட்ரான், நாடாளுமன்றம், பாபாவோடு மோதல் என்று வரிசையாக அடுக்கினால் வரலாற்றில் அந்த நாற்காலியில் ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் மேகநாத் சாஹா. தொடர் வந்த கையோடு வரலாறு தெரிந்தவர்கள் பலர் இதைச் சுட்டிக்காட்டவும் செய்தார்கள்.

சாஹா 1893-ல் டாக்கா பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பாவுக்குச் சின்ன மளிகைக்கடை. வீட்டில் எட்டுப் பிள்ளைகள். 1905 வங்கப் பிரிவினையின்போது ஆளுநர் வருகையை எதிர்த்த மாணவர்களோடு சேர்ந்ததால் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார், உதவித்தொகையும் போயிற்று. 1911-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்கு வந்தார். வகுப்புத்தோழர் சத்யேந்திரநாத் போஸ். ஆசிரியர்கள் ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும். இதைவிடப் பெரிய வகுப்பறை அன்றைய இந்தியாவில் இல்லை. வகுப்பறைக்கு வெளியே நிலவரம் வேறு. கல்லூரியை ஒட்டியிருந்த ஈடன் இந்து ஹாஸ்டலில் அவரோடு ஒரே பந்தியில் சாப்பிட மேல்சாதி மாணவர்கள் மறுத்தார்கள். சரஸ்வதி பூஜையின்போது அவரை ஒதுக்கி நிறுத்தினார்கள். கல்விக்கான தெய்வத்தின் முன்னால், பின்னாளில் நட்சத்திரங்களின் வெப்பநிலையைக் கணக்கிட உலகத்துக்கு வழி சொன்னவருக்கு இடமில்லை. அந்த வழியைச் சொன்ன சமன்பாடு 1920-ல் வந்தது. வானியல் படிக்கிறவர்கள் இன்றும் அதை சாஹா சமன்பாடு என்றுதான் படிக்கிறார்கள். 1927-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

அந்த ஹாஸ்டல் இருக்கும் இடத்திலிருந்து காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸ் நடக்கிற தூரம்தான். இதுபோன்ற விஷயங்களை மணிக்கணக்காக அட்டா என்னும் அரட்டை போட்டுப் பேசுவதற்கென்றே அமைந்த இடம் அது. மெஹ்தியின் கோபத்துக்குக் காரணம் தேடுகிறவர்கள் எழுந்து வெளியே வந்தால் ஒரு காரணம் கண்முன்னால் நிற்கும். தொடரில் அது இல்லை. கதை எழுதியவர்கள் சாஹாவின் சாதியை எடுத்துவிட்டு மெஹ்திக்கு ஒரு மதத்தைக் கொடுத்தார்கள். பிறகு அந்த மதத்துக்காரர்மேல் தேசத்துரோகச் சந்தேகமும் விழும்படி கதையை நகர்த்தினார்கள். பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்காளத்து அகதிகளுக்காக அலைந்த மனிதர் சாஹா. திரையில் அவர் நிழலுக்குக் கிடைத்தது இந்தப் பாத்திரம்.

அணுத்துகள்களை வேகப்படுத்தும் கருவியான சைக்ளோட்ரானின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1938-ல் அலகாபாத்திலிருந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய சாஹா, தன் மாணவர் நாக் சௌதுரியை பெர்க்லியில் அதைக் கண்டுபிடித்த லாரன்ஸிடம் அனுப்பி, அந்தக் கருவியைக் கட்டும் வித்தையைக் கற்றுவரச் செய்தார். நேரு சிபாரிசில் டாடா அறக்கட்டளை 60,000 ரூபாய் கொடுத்தது. அந்நாளில் நேருவும் சாஹாவும் ஒரே பக்கம். சுபாஷ் போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது உருவான தேசியத் திட்டக் குழுவுக்குப் பின்னால் சாஹாவின் தூண்டுதல் இருந்தது. அதன் தலைவர் நேரு. அமெரிக்காவிலிருந்து கருவியின் பாகங்கள் கப்பலில் வந்தன. வெற்றிடப் பம்புகள் ஏறிய கப்பலை ஜப்பானியர்கள் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். ராஜாபஜார் அறிவியல் கல்லூரியில் காந்தம் காத்துக்கிடந்தது. உலகப்போர் நடக்கும் நேரத்தில், பம்பை உள்ளூரிலேயே செய்ய முயன்று தோற்று, மறுபடி முயன்று ஆண்டுகள் ஓடின. அதற்குள் பம்பாயில் 1945-ல் டாடா ஆய்வு நிறுவனம் எழுந்துவிட்டது. அதைக் கட்டியவர் சாஹாவைவிட 16 வயது இளையவர், கேம்பிரிட்ஜில் படித்தவர், டாடா குடும்பத்துக்கு உறவுக்காரர். நேருவுக்கு எழுதும் கடிதங்களில் அவரை 'பாய்' (சகோதரர்) என்று விளிக்கும் உரிமை பாபாவுக்கு இருந்தது.

இவ்வளவையும் கேட்டபின் 'பொறாமை இல்லாமல் இருக்குமா?' என்று யாராவது கேட்டால் நானும் மறுக்க மாட்டேன். சாஹா முன்கோபி. அவரோடு வேலை செய்தவர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு மனிதனுக்குப் பொறாமை இருந்தது என்பதாலேயே அவன் சொன்ன வாதம் பொய்யாகிவிடாது. 1948-ல் அணுசக்திச் சட்டமும் கமிஷனும் வந்தன. பாபா தலைவர், வேதியியலாளர் பட்நாகரும், விருதுநகர் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் உறுப்பினர்கள். தொழில்வளமும் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லாமல் கமிஷன் எதற்கு, முதலில் பல்கலைக்கழகங்களில் ஆட்களை உருவாக்குங்கள் என்பது சாஹாவின் நிலைப்பாடு. கேட்பாரில்லை. 1950 ஜனவரியில் ஐரீன் ஜோலியோ கியூரி வந்து திறந்துவைத்த தன் அணு இயற்பியல் நிறுவனத்துக்குப் பணம் வேண்டுமென்றால், சாஹா அந்தக் கமிஷனையே எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது.

1952 தேர்தலில் கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் நின்று ஜெயித்து மக்களவைக்குப் போனார். 1954 மே 10 அன்று அணுசக்தி பற்றிய விவாதத்தில் எழுந்து பேசினார். ஆராய்ச்சியைச் சுற்றிப் போட்ட ரகசிய வேலியும், பல்கலைக்கழகங்களை ஒதுக்கி எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிப்பதும் அவருடைய புகார்கள். மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில், பிரதமரின் நேரடிப் பொறுப்பில் அணுசக்தித் துறை உருவானது, செயலாளர் பாபா. சாஹா எதைக் கூடாது என்றாரோ அது இன்னும் கெட்டியாக நிலைத்தது. பாபாவின் வழியில் டிராம்பே அணு ஆய்வு மையம் வளர்ந்தது, நாடும் பயனடைந்தது, அது பொய்யில்லை. பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள் மெலிந்ததும் பொய்யில்லை.

இதில் யார் சரி என்று இன்றைக்கும் விவாதிக்கலாம். அந்த விவாதத்துக்குத்தான் தொடரில் இடமில்லை. பொதுப்பணத்தை எப்படிச் செலவழிப்பது, யாரிடம் கணக்குக் கேட்பது என்ற கேள்வி, ஒரு மனிதனின் வயிற்றெரிச்சலாகச் சுருங்கிவிடுகிறது. பார்க்கிறவர்களும் எரிச்சலின் அளவைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். எல்லோருக்கும் சௌகரியம்.

இதே கல்கத்தா வேறு விதமாகவும் அலுவலகக் கதை சொல்லியிருக்கிறது. கீமர் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த சத்யஜித் ராய் 1971-ல் எடுத்த 'சீமாபத்தா' படத்தில், ஏற்றுமதிக்கு வைத்த மின்விசிறிகளில் குறை இருப்பது தெரியவர, கெடுவைத் தள்ளிப்போட விற்பனை மேலாளர் ஷ்யாமலேந்து தொழிற்சாலையில் கலவரத்தைக் கிளப்பிவிடுகிறான். காவலாளி ஒருவர் காயம்படுகிறார். இவனுக்கு இயக்குநர் பதவி கிடைக்கிறது. அவன் கெட்டவன் என்று ராய் ஒரு சட்டகத்திலும் சொல்வதில்லை. கம்பெனி எப்படி இயங்குகிறது என்று காட்டுகிறார்; அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பது தானே விளங்குகிறது.

தமிழர்களாகிய நாம் தொடரை எடுத்தவர்களைக் குறை சொல்வதற்கு முன் நம் வீட்டுக் கதையையும் பார்க்க வேண்டும். சி.வி. ராமன் கல்கத்தாவை விட்டு ஏன் போனார் என்று கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் தயங்காமல் சொல்லும் பதில்: வங்காளிகளுக்குப் பொறாமை. பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் நோபல் பரிசுக்கான வேலையைச் செய்தவர் அவர். 1933-ல் பெங்களூர் போனார். அடுத்த ஆண்டு கழகத்தின் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். எதிரணியில் சாஹாவும் இருந்தார். வங்காளத்தில் கேட்டால், ராமன் தன் ஊர் ஆட்களையே சேர்த்துக்கொண்டார் என்பார்கள். மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் ஊரார் நன்கொடையில் தொடங்கிய ஒரு கழகம் யாருக்குச் சொந்தம், அதில் யாரை உறுப்பினராக்கலாம் என்ற விதிமுறைத் தகராறு இரண்டு கதைகளிலும் காணாமல் போய்விட்டது. நாமும் ஒரு மெஹ்தியை வைத்துக்கொண்டுதான் தொண்ணூறு வருஷமாகப் பேசிவருகிறோம். நம் மெஹ்தியின் பெயர் வங்காளி.

சாஹா 1956 பிப்ரவரி 16 அன்று டெல்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் இறந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் அவர் பெயரோடு இன்று சால்ட் லேக்கில் இயங்குகிறது. அவருடைய நாடாளுமன்ற உரைகளை 1993-ல் கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டி தொகுத்து வெளியிட்டது; மக்களவை விவாதங்கள் இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. மெஹ்தியின் கோபத்துக்குக் காரணம் தேடுகிறவர்கள் 1954 மே 10-ஆம் தேதிப் பக்கங்களை ஒருமுறை படித்துவிட்டு, அதன்பிறகு பேச உட்காரட்டும்.