காய்ச்சலோடு வரும் தேர்வர்

நுரையீரல் அழற்சியின் அறிகுறிகளை விடைத்தாளில் எழுதிவிடலாம். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் எங்கே வைப்பது, மூச்சை இழுத்து விடும்படி முதியவரிடம் எப்படிச் சொல்வது என்பதை நேரில் பார்த்துத்தான் மதிப்பிட முடியும். அதற்காகவே ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் 1975-ல் ‘ஆஸ்கி’ என்னும் செய்முறைத் தேர்வு முறையை வெளியிட்டார்கள். மணி அடித்ததும் மாணவர் அடுத்த அறைக்குப் போவார். அங்கே ஒரு நோயாளி, ஒரு தேர்வாளர், சில நிமிடங்கள்.

2020-ல் கொரோனா பரவியபோது இந்த ஏற்பாடே ஆபத்தானது. ஒரே உடலை அடுத்தடுத்துப் பல கைகள் தொடும் தேர்வு இது.

அமெரிக்காவில் மருத்துவ உரிமத்துக்கான செய்முறைத் தேர்வு அவ்வாண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2021 ஜனவரியில் அடியோடு கைவிடப்பட்டது. சிங்கப்பூரிலோ, 2020 பிப்ரவரியில் தொற்றுக்கான ஆரஞ்சு எச்சரிக்கை விடுக்கப்பட்ட பிறகும் மருத்துவ இறுதித் தேர்வு நடந்தது. நோயாளிகளுக்குப் பதிலாக, நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் அமர்ந்தார்கள். வாசலில் உடல் வெப்பம் பார்க்கப்பட்டது. மாணவர்கள் முகக்கவசத்தோடு சிறு குழுக்களாக வந்துபோனார்கள்.

எது சரி? சோதிக்கப்படாத மருத்துவரால் நாளை யாருக்கோ தீங்கு நேரலாம். தேர்வை நடத்தினால் இன்றே, இந்த அறையிலேயே ஒருவருக்குத் தொற்று வரலாம். நாளைய நன்மைக்காக இன்று ஒருவரை ஆபத்தில் நிறுத்த வேண்டுமானால், அவருடைய சம்மதம் வேண்டும். வார்டில் படுத்திருப்பவரிடம் அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவரே கேட்டால், மறுக்க அவருக்கு மனம் வருமா? அந்தச் சம்மதத்தை முழுச் சம்மதமாகக் கொள்ள முடியாது. தொற்றுக் காலத்தில் உள்நோயாளிகளைத் தேர்வு அறைக்கு அழைக்கவே கூடாது. கூலிக்கு நடிக்க வருபவர் அஞ்சி விலகினாலும், பேசிய கூலி அவருக்குக் கிடைக்க வேண்டும்.

உள்நோயாளிகளைத் தவிர்ப்பதற்கு ஒரு விலை உண்டு. இதயத்தின் முணுமுணுப்பையோ வீங்கிய கல்லீரலையோ நடித்துக் காட்ட முடியாது. விடுபட்ட திறன்களைக் குறித்துவைத்து, பயிற்சி மருத்துவராக இருக்கும்போது மூத்தவர் கண்காணிப்பில் சோதிப்பதே நேர்மை.

பலரும் கவனிக்காதது மாணவரின் நிலை. காய்ச்சலைச் சொன்னால் ஆறு மாதம் வீணாகும் என்றால், ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு அவர் வரிசையில் நிற்பார். வாசலில் உள்ள வெப்பமானி ஏமாந்துபோகும். இழப்பில்லாத மறுதேர்வும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான்.

ஆகவே தேர்வு நடக்கட்டும். ஆனால் மறுதேர்வுத் தேதியையும் சேர்த்து அறிவிக்காத எந்தக் கல்லூரியும் அதை நடத்தக் கூடாது.