பேசியது மகனா, மாத்திரையா?



அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் இருபத்தேழு வருஷம் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். பாளையங்கோட்டையிலிருந்து போன பார்மசிஸ்ட். இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்தக் காரியத்தை எழுதும்படி என்னை ஏவினதே என் அக்கா மகன்தான். "எழுதுங்க மாமா. என் பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றான். ஆகையால் அவனுடைய சம்மதத்தோடேதான் எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு ஒருவனுடைய குணமே மாறிப்போனால், அந்த நாட்களில் அவன் பேசின பேச்சுக்கும் செய்த செய்கைக்கும் யார் கணக்குக் கொடுப்பது? அவனா, மாத்திரையா?

சாராயம், கஞ்சா என்றால் நம்மில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவோம். இதுவோ டாக்டர் கையெழுத்தோடு, இன்ஷூரன்ஸ் பணத்தில், வெள்ளை மூடி போட்ட ஆரஞ்சு நிற பாட்டிலில், அவன் பேர் எழுதின லேபிளோடு வீட்டுக்குள் வந்தது. லேபிளை ஒட்டினது என் கடை. அதுதான் எனக்கு முள்.

ஏ.டி.எச்.டி. என்று ஒரு நிலை உண்டு. மனது ஓரிடத்தில் நிற்காது, பரபரப்பு அடங்காது, ஆரம்பித்ததை முடிக்க முடியாது. அதற்கு அமெரிக்காவில் அதிகமாய்க் கொடுக்கப்படுகிறவை ரிட்டலின், ஆடரால் என்கிற ஊக்க மாத்திரைகள். ரிட்டலினை 1944-ல் சுவிட்சர்லாந்தில் செய்த ரசாயனக்காரர் தன் மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயரை வைத்துத்தான் அதற்குப் பேரிட்டார். ஆடராலில் இருப்பது ஆம்ஃபெட்டமின். 1937-ல் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்கிற டாக்டர், தன் பராமரிப்பில் இருந்த முப்பது பிள்ளைகளுக்கு ஆம்ஃபெட்டமின் கொடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் பாடத்தில் ஆச்சரியப்படும்படி மாறினார்கள். அன்றைக்குத் தொடங்கின வைத்தியம் இது. ஏமாற்று வேலை அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் அதே மருந்து, அமெரிக்கச் சட்டத்தில் மார்பின் இருக்கிற பட்டியலிலேயே இருக்கிறது. ரீஃபில் கிடையாது. மாசாமாசம் புதுச் சீட்டு வேண்டும். ஏன் இவ்வளவு கட்டுக்காவல்? மூளையில் டோபமின் என்று ஒன்று உண்டு. "இது நல்லது, இதை விடாதே" என்று நமக்குள் சொல்லுகிறது அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ஃபெட்டமின் அதைச் சேமிப்பிலிருந்து வெளியே தள்ளிவிடும். அளவாய், வேளைக்கு, வாய்வழியாய்ப் போனால் கவனம் கூடும். அளவு மிஞ்சினால், அல்லது பொடித்து மூக்கில் இழுத்தால், மூளை அந்த வெள்ளத்துக்கே பழகிவிடும். பிறகு வெள்ளம் இல்லாத சாதாரண நாள் வறட்சியாய்த் தெரியும். சாப்பாடு ருசிக்காது, பாட்டு இனிக்காது, தாய் முகம்கூட சலிப்பாய் இருக்கும். 1996-ல் ஆடராலுக்கு அனுமதி கொடுத்த அதே எஃப்.டி.ஏ., 2023 மே மாதத்தில் இந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றின் எச்சரிக்கையையும் திருத்தி எழுதும்படி உத்தரவிட்டது. தவறான உபயோகம், அடிமைத்தனம், அளவுமிஞ்சி மரணம் என்று கட்டம் கட்டிப் போடச் சொன்னது.

அக்கா மகனுக்கு வருகிறேன்.

அவன் சின்ன வயதில் ஒரு கனவுப் பிள்ளை. சாவியைத் தொலைப்பான். ஒரு காலில் ஒரு கலர் சாக்ஸ், மறு காலில் வேறு கலர். எல்லாருடைய குரலிலும் பேசிக் காட்டுவான். என் குரலில் பேசி என்னையே போனில் ஏமாற்றியிருக்கிறான். 2011-ல் காலேஜ் இரண்டாம் வருஷம் இன்ஜினியரிங்கில் தடுமாறினபோது, ஒரு டாக்டர் இருபது நிமிஷம் பேசிவிட்டு மாத்திரை எழுதினார். முதலில் 10 மில்லிகிராம். பிறகு 20. பிறகு 30.

என்ன சொல்ல! மூன்று மாதத்தில் வேறு பையன். விடியற்காலம் எழும்புகிறான். மேஜை சுத்தம். கிரேடு எல்லாம் 'ஏ'. அக்கா விதவை, ஒரே மகன். உபவாசம் இருந்து ஜெபித்ததற்குக் கிடைத்த பதில் என்றே நினைத்தாள். "இப்பதான்டா தம்பி இவன் ஒரு ஆளா ஆயிருக்கான்" என்று எனக்குப் போன் பண்ணி அழுதாள். நானும் சந்தோஷப்பட்டேன். அவன் மிமிக்ரி பண்ணுவதை நிறுத்திவிட்டான் என்பதையோ, சாப்பாட்டு மேஜையில் சிரிப்பதில்லை என்பதையோ நாங்கள் ஒருவரும் நஷ்டமாக எண்ணவில்லை. பொறுப்பு வந்துவிட்டது என்றோம்.

அடுத்த வருஷம் ஒருநாள் அவன் கடைக்கு வந்தான். முப்பது நாள் மாத்திரை இருபத்துநான்காம் நாளிலேயே தீர்ந்துபோயிருந்தது. "பாட்டில் கைதவறி சிங்க்ல கொட்டிருச்சு மாமா" என்றான். எத்தனையோ பேர் வாயிலிருந்து இதே சிங்க் கதையைக் கேட்டவன் நான். அவன் கண்ணைப் பார்த்தேன். கருவிழி விரிந்திருந்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. மாத்திரை கொடுக்கவில்லை. சட்டப்படி சரியாய் நடந்துகொண்டேன். ஆனால் அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரம் அவனுக்குப் பரீட்சை.

பிறகு நடந்ததை நீட்டி எழுத எனக்குப் பிரியமில்லை. கூடத் தங்கியிருந்த மாணவர்களிடம் விலைக்கு வாங்கினான். இரண்டு மூன்று நாள் தூங்காமல் இருந்தான். சந்தேகம் பிடித்தது. போனில் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள், அம்மா தன் பையைச் சோதிக்கிறாள் என்றான். இது புதுசு அல்ல. 1958-லேயே லண்டனில் ஃபிலிப் கானல் என்கிற மனநல டாக்டர், ஆம்ஃபெட்டமினால் இப்படிப்பட்ட சந்தேகப் பைத்தியம் பிடித்த 42 பேரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். படித்தவன்தான் நான்! வீட்டுக்குள் வந்தபோது மட்டும் அடையாளம் தெரியவில்லை. ஒரு ராத்திரி அவன் அம்மாவைப் பிடித்துத் தள்ளினான். அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது.

சிகிச்சையில் சேர்த்தோம். முதல் சில நாட்கள் தூங்கினான், தூங்கினான், சாப்பிட்டான், மறுபடியும் தூங்கினான். அதற்குப் பிறகுதான் கஷ்டம். இந்த அடிமைத்தனத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து இன்றுவரைக்கும் இல்லை. ஆலோசனையும் ஒழுங்கும் பொறுமையும்தான். மாதக்கணக்கில் சோர்ந்து கிடந்தான். கொஞ்சம் தெளிந்தபோது அம்மா கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "அது நான் இல்லம்மா, மாத்திரை" என்றான். அக்காவும் அதையே பிடித்துக்கொண்டாள். யார் வந்து கேட்டாலும், "என் பிள்ளை இல்லை, மாத்திரை."

எனக்கு அது பாதி உண்மையாய்த்தான் பட்டது. ஒருநாள் அவனிடம் கேட்டேவிட்டேன். "அம்மாவைத் தள்ளினது மாத்திரைன்னா, அந்த 'ஏ' கிரேடெல்லாம் யார் வாங்கினது?" அவன் பதில் சொல்லவில்லை. நல்லது வந்தபோது 'நான்', கெட்டது வந்தபோது 'அது' என்று கணக்கை இரண்டு நோட்டில் எழுத முடியுமா? இரண்டுக்கும் ஒரே கைதான் பாட்டிலைத் திறந்தது.

ஆனால் இதைச் சொல்லி முடித்ததுமே என் மனது என்னை நிம்மதியாய் விடவில்லை. ஏனென்றால் எதிர்ப்பக்கத்திலும் சாட்சி இருக்கிறது. எங்கள் ஐக்கியத்தில் ஒரு குடும்பத்தாருக்கு ஒன்பது வயதுப் பையன். அவனுக்கும் இதே மருந்துதான், சின்ன அளவில். எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டுப் பயந்து, என்னிடம் யோசனை கேட்டார்கள். நானும் புண்பட்ட வேகத்தில், "நிறுத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். பார்மசிஸ்ட் சொல்லக்கூடாத வார்த்தை. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினார்கள். இரண்டே வாரத்தில் அந்தப் பையன் பந்துக்குப் பின்னால் ரோட்டில் ஓடி, கார் பிரேக் போட்டதால் பிழைத்தான். மறுபடி டாக்டர் மேற்பார்வையில் ஆரம்பித்தபோது அவன் என்னிடம் சொன்னான்: "அங்கிள், மாத்திரை போட்டாதான் நான் நினைக்கிறதை நான் செய்ய முடியுது." அவனுக்கு அந்த மருந்து அவனையே திரும்பக் கொடுத்தது. என் அக்கா மகனிடமிருந்தோ அவனையே எடுத்துக்கொண்டு போயிற்று. மருந்து ஒன்றுதான். தேவை வேறு, அளவு வேறு, பாட்டில் யார் கையில் இருந்தது என்பதும் வேறு. குற்றத்தை முழுவதும் மாத்திரைமேல் போடுகிறவர்கள் அந்தச் சின்னப் பையனுக்கு என்ன சொல்வார்கள்?

இதை யோசிக்கும்போதெல்லாம் பால் ஏர்டிஷ் என்கிற ஹங்கேரிய கணித மேதை எனக்கு ஞாபகம் வருவார். சொந்த வீடு இல்லாமல் தேசம் தேசமாய்ச் சுற்றினவர். இந்தியாவில் பேசினதற்குக் கிடைத்த பணத்தை, தான் முகம் கண்டிராத ராமானுஜனின் விதவை ஜானகியம்மாளுக்குக் கொடுத்தவர் என்றால் நமக்கு இன்னும் நெருக்கம் தெரியும். 1971-ல் அவருடைய தாயார் இறந்துபோனார்; அந்தத் துக்கத்துக்குப் பிறகு பென்செட்ரின், ரிட்டலின் மாத்திரைகள் அவருக்கு வழக்கமாயின. 1979-ல் ரொனால்ட் கிரஹாம் என்கிற சிநேகிதர், "ஒரு மாசம் இதில்லாமல் இருக்க உம்மால் முடியாது" என்று 500 டாலர் பந்தயம் கட்டினார். ஏர்டிஷ் முப்பது நாளும் தொடவில்லை, ஜெயித்தார். ஜெயித்தபின் குறைப்பட்டுக்கொண்டார்: வெற்றுக் காகிதத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன், உம்மாலே கணிதமே ஒரு மாதம் பின்தங்கிப் போயிற்று என்று. அன்றே மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். 1996-ல், 83 வயதில்தான் காலமானார்.

அவர் அடிமையா? முப்பது நாள் விட்டுக் காட்டினாரே. என் அக்கா மகனைப்போல யாரையும் தள்ளவில்லை, பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வெற்றுக் காகிதம் என்னை உறுத்துகிறது. கை நடுங்குகிறதா, திருடுகிறானா என்றுதான் நாம் அடிமையை அடையாளம் பார்க்கிறோம். மாத்திரை இல்லாத நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஒருவன் உள்ளுக்குள் நம்ப ஆரம்பிக்கிறானே, அதை எந்தப் பரிசோதனையில் பார்ப்பது? அக்கா மகனும் இதைத்தான் சொன்னான். போதைக்காக அவன் முதல் கூடுதல் மாத்திரையைப் போடவில்லையாம். "அந்தப் பையனைத்தான் உங்க எல்லாருக்கும் பிடிச்சிருந்தது மாமா. அவன் போயிட்டா நீங்க என்னை என்ன பண்ணுவீங்கன்னு பயம்."

இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சில் குத்தினதுபோல் ஆயிற்று.

அவனுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. இன்ஜினியர் ஆகவில்லை, ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை. சாவியை இன்னும் தொலைக்கிறான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே அம்மாவைப் பார்த்து, "அன்னிக்குத் தள்ளினது நான்தாம்மா" என்றான். அக்கா, "விடுப்பா, ஆறிப்போச்சு" என்று சோற்றைப் பரிமாறினாள். மாத்திரையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அவன் கை கழுவப் போனபிறகு, இத்தனை வருஷமாய் வாய்க்குள் வைத்திருந்ததை நானும் சொன்னேன். "அக்கா, அவன் இருபத்துநாலாம் நாளே கடைக்கு வந்தான். எனக்கு அன்னிக்கே தெரியும்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கும் தெரியும்டா தம்பி. தலையணைக்கு அடியில வேற பேர் போட்ட பாட்டிலைப் பார்த்தேன். அந்த செமஸ்டர் முடியட்டும்னுதான் நானும் பேசாம இருந்தேன்."